வட்டக் கிணறும் சதுரக் கிணறும்

இராணுவம் காணிகளை விடுவித்த அன்று காலை, ஐயா பற்றைக்குள் நின்று இடமும் வலமும் ஒருமுறை பார்த்தார். சால்வையால் முகத்தைத் துடைத்தார். காலடியில் உடைந்து கிடந்த ஒரு கிணற்றுக் கட்டின் கல்லில் காலைத் தூக்கி வைத்தார். பிறகு கையை நீட்டி, "உதுதான்" என்றார்.

நாங்கள் ஏழெட்டுப் பேர் அவர் காட்டிய பக்கம் பார்த்தோம். அங்கே காணி என்று சொல்ல ஒன்றும் இல்லை. நாயுண்ணிப் பற்றை, ஆளுயரப் புல், அதற்குள் எங்கேயோ ஒரு மாடு. பனைகள் இல்லை, வேலிகள் இல்லை. ஒழுங்கை எது, வளவு எது என்று பிரிக்க முடியாதபடி ஊரையே ஒரே மட்டமாகத் தள்ளிவிட்டிருந்தார்கள். கால் நூற்றாண்டுக்கு மேல் எங்களில் ஒருவரும் மிதிக்காத நிலம் அது.

ஐயா மட்டும் "உதுதான்" என்றார். அப்போது அவருக்கு வயது எண்பத்து நான்கு. என் மனைவி அழுதாள், நானும் அழுதேன். கனடாவில் இருக்கும் அக்கா கைத்தொலைபேசித் திரையில் அழுதார்.

இந்தக் காட்சியை நாலு கிழமைக்கு முன் இதே பக்கத்தில் எழுதியிருந்தேன். "மண்ணை அள்ளி மணந்து பார்த்தே தன் காணியைக் கண்டுபிடித்தார் என் தந்தை" என்று ஒரு வரி வரும். வாசகர்கள் பலர் அந்த வரியைப் பாராட்டிக் கடிதம் போட்டீர்கள். ஐயா மண்ணை மணக்கவில்லை. அது நானாகச் சேர்த்தது. அவர் முகம் துடைத்ததைத்தான் நான் கண்டேன்.

அதைக்கூட நீங்கள் மன்னித்துவிடலாம். ஆனால் அந்த வாரத்துக் கட்டுரை முழுவதையுமே நான் திருப்பி எடுக்க வேண்டியிருக்கிறது. அது எங்கள் காணி இல்லை.

பத்து மணி அழைப்பு

ஐயா போய் எட்டு மாதம் ஆகிறது. அவர் எட்டு வருடம் பாடுபட்ட அந்தத் தோட்டத்தை இப்போது நான்தான் பார்க்கிறேன். தபாற்கந்தோரில் முப்பது வருடம் இருந்துவிட்டு மண்வெட்டி பிடித்தால் எப்படி இருக்கும் என்று என் முதுகைக் கேட்டால் தெரியும்.

வெங்காயத்துக்குப் பாத்தி பாத்தியாகத் தண்ணீர் மாற்றிவிட்டுக்கொண்டு நின்ற ஒரு காலைப்பொழுதில் தொலைபேசி அடித்தது.

"பேப்பரிலை எழுதுறவரோ?"

"ஓம், சொல்லுங்கோ."

"நான் நல்லதம்பியின்ரை மகள், பரமேஸ்வரி. திருநெல்வேலியிலை இருந்து கதைக்கிறன்."

நல்லதம்பியர் எங்கள் பக்கத்துக் காணிக்காரர். ஐயாவுக்கும் அவருக்கும் பதினொரு வருடம் வேலி வழக்கு நடந்தது. அந்தக் குடும்பத்தின் குரலை நான் கேட்டு முப்பது வருடத்துக்கு மேலாகிவிட்டது.

"அண்ணை, குறை நினையாதையுங்கோ. நீங்கள் எழுதினதை மூண்டு தரம் வாசிச்சன். உங்கடை ஐயா மூலைக் கல்லிலை காலை வைச்சுக்கொண்டு நிண்டவர், சதுரக் கிணறு எண்டு போட்டிருக்கிறியள்."

"ஓம். சதுரக் கிணறுதான். இப்பவும் இஞ்சை எனக்கு முன்னாலை நிக்குது."



"எங்கடை பங்குக் கிணறு வட்டமெல்லோ அண்ணை?"

எங்கள் பக்கத்தில் இரண்டு மூன்று தோட்டக்காரருக்கு ஒரு கிணறு என்று இருக்கும். முறை வைத்து இறைப்பார்கள். எங்களுக்கும் நல்லதம்பியருக்கும் அப்படி ஒரு கிணறு, இரண்டு காணிக்கும் நடுவில். கிணற்றுக்கு மேற்கே எங்கள் காணி, கிழக்கே அவர்களுடையது.

"சதுரக் கிணறு எங்கடை காணிக்கும் அங்காலை, கிழக்கு எல்லையிலை நிண்டது. அது வேறை ஆக்களின்ரை. அவையள் முழுப்பேரும் வெளிநாடு போட்டினம்" என்றார் பரமேஸ்வரி. "அந்தக் கிணத்துக்கு மேற்காலை எண்டால், அண்ணை, அது எங்கடை காணி."

இல்லை, எங்கள் கிணறு சதுரம்தான் என்று சொன்னேன். கொஞ்சம் கோபமாகவே சொன்னேன். ஆறு வயதில் மூலைக் கல்லில் ஏறி நின்று குளித்தது எனக்கு நினைவிருக்கிறது. அம்மா என்னை மூலையில் சாத்தி வைத்து முதுகு தேய்த்தது நினைவிருக்கிறது.

தொலைபேசியை வைத்துவிட்டு வாய்க்கால் வரம்பில் குந்தினேன். தண்ணீர் ஒரே பாத்தியில் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. அம்மா முதுகு தேய்த்த காட்சியை மறுபடி நினைத்துப் பார்த்தேன். இந்த முறை கிணறு வட்டமாக வந்தது. இன்னொரு முறை நினைத்தேன், சதுரமாக வந்தது. எட்டு வருடம் இந்தக் கிணற்றைப் பார்த்துப் பார்த்து என் சின்ன வயது முழுக்கச் சதுரமாகிவிட்டதா, அல்லது பரமேஸ்வரிக்குத்தான் பிழையா? எனக்கு விளங்கவில்லை. நான் வருடக் கணக்காக நினைவுகளை எழுதி உங்களிடம் பேர் வாங்குகிறவன். குளித்த கிணறு வட்டமா சதுரமா என்று சொல்லத் தெரியவில்லை.

பச்சை கேற்

ஐயாவின் பெயர் கந்தையா. தொண்ணூற்றிரண்டு வயது வரை இருந்தார். அவர் பாயில் கிடந்து நான் கண்டது கடைசிப் பன்னிரண்டு நாள் மட்டுந்தான்.

மற்ற நாளெல்லாம் வேலை. புகையிலை, வெங்காயம், மிளகாய் என்று ஒன்று முடிய ஒன்று. இரண்டு தங்கைமாரைக் கரை சேர்த்து, அக்காவையும் என்னையும் படிப்பித்து, அதற்குப் பிறகுதான் தனக்கு ஒரு சைக்கிள் வாங்கினார். ஊரை விட்டு ஓடிய அடுத்த கிழமையே அச்சுவேலியில் குத்தகைக்குக் காணி எடுத்து மிளகாய் நட்டார். அங்கிருந்தும் எல்லோருமாகத் தென்மராட்சிக்கு ஓடியபோது, நாங்கள் தங்கிய பள்ளிக்கூடத்தின் பின்பக்கத்தில் கீரை விதைத்தார். ஊரே நிவாரணத்துக்கு வரிசையில் நின்றது. ஐயா பின்னுக்கு இருந்து கீரைப்பிடி கட்டிக்கொண்டிருந்தார்.

குத்தகைக் காணியில் அவர் மரம் வைக்க மாட்டார். ஒரு முருங்கைக் கொம்புகூட ஊன்ற மாட்டார். "மரம் வைக்கிறவன் காணிக்காரன். நான் பயிர் வைக்கிறவன்" என்பார். இதைக் கவனித்துக்கொள்ளுங்கள், பின்னுக்குத் தேவைப்படும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தெரியாது என்று ஐயா சொல்லி நான் கேட்டதேயில்லை.

ஒரு நாள் மாப்பிள்ளை வீட்டு வான் ஒன்று தோட்டத்தடியில் வந்து நின்று, தொண்டைமானாற்றில் ஒரு வீட்டுக்கு வழி கேட்டது. வீட்டுக்காரரின் பெயரையே ஐயா அப்போதுதான் கேள்விப்பட்டிருப்பார். மண்வெட்டியை ஊன்றி நிறுத்திவிட்டு, "சந்நிதி கோயிலைத் தாண்டி ரெண்டாம் ஒழுங்கை, பச்சை கேற்" என்றார். முக்கால் மணித்தியாலத்தில் வான் திரும்பி வந்தது. முன் சீற்றில் மாப்பிள்ளை வேர்த்து ஒழுகிக்கொண்டிருந்தார். அந்த ஒழுங்கையில் பச்சை கேற்றே இல்லை என்றார்கள். ஐயா அசையவில்லை.

"அப்ப பெயின்ற் மாத்திப்போட்டாங்கள்" என்றார்.

நாங்கள் இந்தக் கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம். ஆனால் அதே ஐயாவைத்தான் எல்லாவற்றுக்கும் கேட்போம். என்றைக்கு நடுவது, எந்தப் பஸ்ஸில் ஏறுவது, எனக்கு எந்தப் பெண், அக்காவுக்கு எந்த நாடு, எல்லாம் அவர் வாயால்தான் வரவேண்டும். அவருக்குத் தெரியும் என்பதால் எங்கள் வீட்டில் வேறு ஒருவருக்கும் ஒன்றும் தெரியத் தேவைப்படவில்லை.

ஒரு சாண்

வேலி வழக்கின் கதை சின்னது. ஒரு வருடம் வேலி அடைக்கும்போது நல்லதம்பியர் கதியால் தடிகளை ஒரு சாண் எங்கள் பக்கம் தள்ளி நட்டுவிட்டார் என்று ஐயா சொன்னார். முந்தின வருடம் கந்தையாதான் ஒரு சாண் தள்ளினவர், நான் பழைய இடத்திலேயே நட்டேன் என்று நல்லதம்பியர் சொன்னார். இரண்டு பேரும் பிரக்கிராசிமாரைப் பிடித்துக் கோட்டுக்குப் போனார்கள்.

வழக்குக்குப் போகிற நாளில் இருவரும் ஒரே பஸ்ஸில்தான் போவார்கள், வேறு பஸ் இல்லை. ஒருவர் முன் வாசலால் ஏறினால் மற்றவர் பின் வாசலால் ஏறுவார். திரும்பி வந்து அதே கிணற்றில்தான் தண்ணீர் இறைக்க வேண்டும். பேச்சில்லை. முறை முடிந்தவர் வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போவார், மற்றவர் வந்து நிமிர்த்துவார். பதினொரு வருடமும் அவர்களுக்குள் நடந்த பேச்சுவார்த்தை அந்த வாளி ஒன்றுதான்.

கடைசியில் தீர்ப்பு எங்கள் பக்கம் வந்தது. வேலி எங்களுடையது, அதை அடைக்கிற உரிமையும் எங்களுக்கே. ஐயா புதுக் கதியால் வெட்டிக் கட்டி வைத்தார். அதை நடுவதற்குள் ஊருக்குள் செல் குண்டு விழத் தொடங்கிவிட்டது. ஓடினோம். காணி உறுதிப் பத்திரம், வழக்குக் கடுதாசி எல்லாம் போட்டு வைத்த றங்குப்பெட்டி வீட்டோடு போய்விட்டது. வென்ற வேலியை அவர் ஒருநாளும் அடைக்கவில்லை.

கல் வளைந்தது

பரமேஸ்வரி கதைத்த மூன்றாம் நாள் அவர்களுடைய காணி உறுதியின் பிரதி தபாலில் வந்தது. எல்லைகள் தெளிவாக இருந்தன. மேற்கே கந்தையாவின் காணி. நான் காணி அளக்கிற சேவயர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போனேன்.

அவர் சின்ன வயதுக்காரர், ஊருக்கு வெளியாள். பழைய படத்தையும் கருவியையும் வைத்துக்கொண்டு அரை நாள் அங்குமிங்கும் நடந்தார். நாங்கள் தோட்டம் செய்கிற துண்டுக்கு மேற்கே, இன்னாருடையது என்று நாங்கள் கேட்டும் பார்த்திராத பற்றைக்குள் போய் நின்று, "இந்த இடத்தை வெட்டுங்கோ" என்றார்.

நானே கத்தியை வாங்கி வெட்டினேன். நாயுண்ணி முள் கையைக் கிழித்தது. அடியில் உடைந்த கொங்கிறீற்றுத் துண்டுகள் குவியலாகக் கிடந்தன. அவற்றைப் புரட்டப் புரட்ட ஒரு வரிசைக் கல் தெரிந்தது. அந்த வரிசை நேராகப் போகும் என்று எதிர்பார்த்துக் கல்லைப் புரட்டிக்கொண்டு போனேன். அது மெல்ல வளைந்தது.

வட்டக் கிணறு. தூர்த்து மூடப்பட்ட எங்கள் பங்குக் கிணறு.

அதற்கும் மேற்கே இருந்ததுதான் எங்கள் காணி. அதில் பாதிக்கு மேல் கொங்கிறீற்றுத் தளம், மிச்சம் கல்லும் சரளையும். ஒரு காவலரணோ என்னவோ இருந்திருக்க வேண்டும். அங்கே புல்லும் சரியாக முளைக்கவில்லை.

நின்ற கிணறு சதுரக் கிணறு ஒன்றுதான். ஐயா அதைப் பங்குக் கிணறு என்று எடுத்துக்கொண்டு மேற்கே கை காட்டினார். எல்லாம் ஒரு காணி கிழக்கே தள்ளிப்போய்விட்டது. ஒரு சாணுக்காகப் பதினொரு வருடம் வழக்காடிய மனிதர், கடைசி எட்டு வருடமும் நல்லதம்பியரின் காணி முழுவதையும் கொத்திக்கொண்டிருந்திருக்கிறார்.

எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. சேவயர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். பிறகு, ஐயாவின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு நான் எழுதி அச்சடித்துக் கொடுத்த கல்வெட்டு என்கிற நினைவு மலர் ஞாபகத்துக்கு வந்தது. "இழந்த பூர்வீக மண்ணை மீட்டு, இறுதிமூச்சு வரை அதிலேயே உழைத்த பெருந்தகை." முந்நூறு பிரதி ஊருக்குள் போயிருக்கிறது.

அக்காவின் கேள்வி

அக்காவுக்குச் சொன்னேன். திரையில் அவர் முகம் சிவந்தது.

"ஐயாவுக்குத் தெரியாமல் இருந்திருக்குமே? நாப்பது வருசம் இறைச்ச கிணறு வட்டமோ சதுரமோ எண்டு மறந்துபோவாரே?"

"அப்ப தெரிஞ்சுகொண்டு மற்றாளின்ரை காணியைக் கொத்தினவர் எண்டு சொல்லுறியளோ?"

"நான் அப்பிடிச் சொல்லேல்லை!" என்று கத்தினார். கொஞ்சம் பொறுத்து, "இதைப் பேப்பரிலை எழுதிப்போடாதை. சனம் ஐயாவைக் கள்ளன் எண்டு சொல்லும். இல்லாட்டி வயசு போய் அறளை பேர்ந்தவர் எண்டு சொல்லும். ரெண்டிலை எது உனக்கு விருப்பம்?" என்றார்.

இரண்டும் விருப்பமில்லை. ஆனால் அன்றிலிருந்து என் மண்டைக்குள் இந்த இரண்டும்தான் மாறி மாறி ஓடின.

காலையில் எழும்பும்போது, பாவம், வயது போனவர், அடையாளம் ஒன்றும் இல்லாத நிலம், பிழைத்துப்போனது என்று இருக்கும். கை கழுவிச் சாப்பிட இருக்கும்போது அந்தக் கொங்கிறீற்றுத் தளம் நினைவுக்கு வரும். தன்னுடையது பாழாய்க் கிடக்க, பக்கத்தில் நல்ல செம்பாட்டு மண் கேட்பாரில்லாமல் கிடக்க, கை அந்தப் பக்கம் போயிருக்குமோ? அப்பனைப் பற்றி இப்படி நினைக்கிறேனே என்று எனக்கே வெட்கமாகப் போகும். சோறு இறங்காது.

காணிப் பதிவுக் கந்தோரில் எங்கள் உறுதியின் பிரதி எடுப்போம் என்று நான் இரண்டு முறை கேட்டிருக்கிறேன். "எனக்குத் தெரியாத காணியே?" என்று ஐயா விடவில்லை. பிரதி எடுத்திருந்தால் ஒரே நாளில் வெளித்திருக்கும். அப்படியானால் தெரிந்துதான் தடுத்தாரா? கிராமசேவகரும் ஊருக்குப் புதியவர். ஐயா காட்டியதை அப்படியே எழுதிக்கொண்டு போய்விட்டார்.

ஆனால் மரங்கள்? அந்தக் காணியில் எட்டு வருடத்தில் அவர் ஒரு மரம் நடவில்லை. அங்கே ஒரு சின்ன வீடு போடுவோம் என்று நான் கேட்டபோது, "இப்ப என்ன அவசரம்" என்றார். மாங்கன்று கொண்டுபோய்க் கொடுத்தேன். அதை அச்சுவேலியில் நாங்கள் இருக்கிற சொந்த வளவில் நட்டார். மீட்ட மண்ணைக் குத்தகைக் காணி மாதிரியே நடத்தினார்.

வேலியும் அப்படித்தான். தெருப்பக்கமும் பின்பக்கமும் அடைத்தார். இரண்டு பக்க எல்லையையும் திறந்தே விட்டார். மாடு வரும் ஐயா என்றேன். "மாட்டை நான் பாக்கிறன்" என்றார். வேலிக்காக உயிரை விட்ட மனிதர் இப்படிச் சொன்னதைக் கேட்டு, வயது மனிதரைக் கனிய வைத்துவிட்டது என்று நான் சந்தோஷப்பட்டேன்.

இன்னொன்று. காணிக்குப் போன முதல் வருடம் ஆள் பிடித்துக் கிணற்றைத் துப்புரவாக்கினோம். குப்பையும் கல்லும் வெளியே வந்து கட்டு முழுதாகத் தெரிந்தபோது, ஐயா அதைச் சுற்றி ஒருமுறை நடந்தார். மூலையில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார். அன்று மத்தியானம் சாப்பிடவில்லை. இது நடந்ததா, அல்லது இப்போது தேவைப்படுகிறதென்று நானாகச் சேர்க்கிறேனா? மண்ணை மணந்தார் என்று எழுதியவன் நான். என்னையே என்னால் நம்ப முடியவில்லை.

நடந்தது என்றே வைத்துக்கொண்டாலும், அந்தக் கிணற்றடியில் நானும் நின்றேன். எனக்கும் கண் இருந்தது. கிணறு வட்டமெல்லோ ஐயா என்று நான் ஏன் கேட்கவில்லை?

இரண்டு பஸ்

பரமேஸ்வரி போன கிழமை வந்தார். அச்சுவேலிச் சந்தையடியில் இறங்கி ஓட்டோ பிடித்து வந்தார். அறுபது வயதிருக்கும், ஓய்வு பெற்ற ஆசிரியை. ஒரு கையில் குடை, மறு கையில் பொலித்தீன் பைக்குள் உறுதி.

நான் சொல்ல வேண்டியதை மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். காணியை விட்டுவிடுகிறோம், நிற்கிற வெங்காயமும் உங்களுடையது, ஐயா தெரியாமல் செய்துவிட்டார். 'தெரியாமல்' என்ற சொல்லை மட்டும் வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

அவர் அதைப் பெரிதாகக் கேட்டதாகவே தெரியவில்லை. பாத்திகளுக்கு நடுவே வரம்பில் நடந்து போனார். குனிந்து ஒரு வெங்காயத் தாளைத் தொட்டுப் பார்த்தார். பிறகு பற்றைக்குள் போய், நான் துப்புரவாக்கி விட்டிருந்த வட்டக் கிணற்றுக் கட்டின் மேல் குந்தினார்.

"இதிலை விழுந்துதான் என்ரை முழங்கால் உடைஞ்சது" என்றார்.

என்னால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. கேட்டுவிட்டேன்.

"ரீச்சர், எங்கடை ஐயா தெரிஞ்சுதான் இதைச் செய்தவரோ? நீங்கள் என்ன நினைக்கிறியள்?"

அவர் குடையை மடக்கி மடியில் வைத்தார்.

"உங்கடை ஐயா ஒருக்கா எங்கடை வீட்டை வந்தவர், தெரியுமோ?"

எனக்குத் தெரியாது.

"ஆமி காணி விட்டதுக்கு அடுத்த வருசம். என்ரை ஐயாவுக்கு வாதம் வந்து படுக்கையிலை கிடந்தவர். பேச்சு இல்லை. இடக்கை மட்டும்தான் அசையும். அவரை விட்டிட்டுக் காணி பாக்க வர எனக்கு ஏலேல்லை, பேந்தும் வரேல்லை. ஒரு நாள் படலையைத் திறந்துகொண்டு வெள்ளை வேட்டி சால்வையோடை உங்கடை ஐயா நிக்கிறார். எனக்குப் பயம் பிடிச்சிட்டுது. செத்துக்கொண்டிருக்கிற மனிசனோடை வழக்குக் கதைக்க வந்திட்டாரோ எண்டு."

"என்ன கதைச்சவர்?"

"நான் தேத்தண்ணி வைக்கக் குசினிக்குப் போட்டன். கொண்டு வரேக்கை, உங்கடை ஐயா கட்டில் விளிம்பிலை இருந்து எங்கடை ஐயாவின்ரை முகத்துக்குக் கிட்டக் குனிஞ்சு கேக்கிறார். 'நல்லதம்பி, எங்கடை வேலி எங்கையடா நிண்டது? எனக்குத் தெரியேல்லையடா.' ரெண்டு தரம் கேட்டவர்."

அவர் குடைப்பிடியைத் தடவிக்கொண்டு தொடர்ந்தார்.

"வயசு போனவர் பழைய கதை கதைக்கிறார் எண்டு நான் நினைச்சன் அண்ணை. உங்கடை பேப்பரை வாசிக்கிறவரைக்கும் அப்பிடித்தான் நினைச்சுக்கொண்டிருந்தன்."

"அவர் என்ன செய்தவர், உங்கடை ஐயா?"

"சிரிச்சவர்" என்றார் பரமேஸ்வரி. "வாதம் வந்த பிறகு அவர் சிரிச்சு நான் கண்டது அண்டைக்குத்தான். கண்ணாலை தண்ணி வாற மாதிரிச் சிரிச்சவர். பேந்து இடக்கையாலை கட்டில் விரிப்பிலை ஒரு கோடு கீறினவர். விரிப்பிலை விரலாலை கீறினால் நிக்குமே? ரெண்டு பேரும் அந்த இடத்தைப் பாத்துக்கொண்டு இருந்தவை. உங்கடை ஐயா ரெண்டு பஸ் விட்டிட்டுத்தான் போனவர்."

அந்த நாள் எனக்கு நினைவு வந்தது. வெள்ளிக்கிழமை இல்லாத ஒரு நாளில், சந்நிதிக்குப் போகிறேன் என்று ஐயா வேட்டி சால்வையோடு வெளிக்கிட்டார். பொழுதுபட வந்தார். நெற்றியில் காலையில் பூசிய திருநீறுதான் இருந்தது. கோயிலால் வந்தால் எங்களுக்குத் திருநீறு தருவார். அன்று தரவில்லை. இதை நான் சேர்க்கவில்லை. என் மனைவிக்கும் நினைவிருக்கிறது, கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

பரமேஸ்வரியின் தகப்பன் அடுத்த மாரிக்குள் போய்விட்டார். அந்த எல்லையைக் காட்டக்கூடிய மற்ற மனிதரும் அத்தோடு இல்லை. பதிவுக் கந்தோரில் கடுதாசி இருந்தது. ஐயா கடுதாசியைத் தேடிப் போகவில்லை. போனால் எங்களுக்குத் தெரிந்துவிடும். கை காட்டியது பிழையென்று முடிந்தால், ஏழெட்டுப் பேரும் கனடாத் திரையும் அழுத அழுகையை எங்கே கொண்டுபோய் வைப்பது?

இப்போது எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்று சொல்லமாட்டேன். கிணறு துப்புரவானபோது சந்தேகம் வந்ததா, கை நீட்டிய அந்தக் காலையிலேயே இருந்ததா? அவர் மனம் ஒருநாள் ஒரு பக்கமும் மறுநாள் மறுபக்கமுமாக, இப்போது என் மனம் கிடக்கிற மாதிரி எட்டு வருடமும் கிடந்ததா? அதோடுதான் காலை நாலு மணிக்கு எழும்பி, தன்னுடையதோ மற்றவனுடையதோ என்று தெரியாத மண்ணை ஒரு புல் விடாமல் கொத்தினாரா? நாங்கள் ஒருநாள், ஒரு தரம், "ஐயா, வடிவாத் தெரியுமோ?" என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அவரை மன்னிக்கச் சொல்லி நான் இதை எழுதவில்லை. எங்களை மன்னிக்கத்தான் அவர் இல்லை.

"வெங்காயத்தைக் கிண்டி எடுங்கோ" என்றார் பரமேஸ்வரி, எழும்பிக் குடையை விரித்துக்கொண்டே. "நட்டது நீங்கள். பேந்து வேலியைப் பாப்பம். வேலி உங்கடையெண்டுதானே கோட்டிலை தீர்ப்பு. அடைக்கிறதும் நீங்கள்தான்."

"ஓம் ரீச்சர். நான்தான்."

"ஒரு சாண் இஞ்சாலை வந்திச்செண்டால் விடமாட்டன்" என்றார். சிரித்தாரா என்று குடைக்குள் எனக்குத் தெரியவில்லை.

அன்று பின்னேரம் அக்கா அழைத்தார். எல்லாவற்றையும் சொன்னேன். கட்டில் விரிப்பில் கீறிய கோட்டைச் சொன்னபோது அவர் திரையிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. பிறகு பழைய அக்காவாகத் திரும்பினார்.

"அதெல்லாம் சரி. பேப்பரிலை எழுதுறதெண்டால் எழுது. ஆனால் எனக்கு ஒண்டை மட்டும் நேராச் சொல்லு. ஐயாவுக்குத் தெரியுமோ, தெரியாதோ?"



"எனக்குத் தெரியேல்லை அக்கா."

அக்கா என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் முகத்தில் இருந்தது ஏமாற்றம்தான்.

"ஐயா எண்டால் ஏதாவது ஒண்டு சொல்லியிருப்பார்" என்றார்.

"ஓம் அக்கா" என்றேன்.